மோதாமல் எழும் அதிர்ச்சி: காந்தப் பிளாஸ்மா ஆய்வின் ஒரு வரலாறு

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் முற்பகலில், இங்கிலாந்தின் ரெட்ஹில் என்னும் ஊரில் ரிச்சர்ட் காரிங்டன் என்ற வானியலாளர், தொலைநோக்கி வழியே திரையில் விழுந்த சூரியப் படிமத்தைக் கொண்டு கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். அப்போது புள்ளிக் கூட்டம் ஒன்றின்மேல் கண்கூசும் வெண்ணொளி இரண்டு இடங்களில் தோன்றியது. ஐந்து நிமிடங்களில் மறைந்தும் போயிற்று. ஏறத்தாழப் பதினேழரை மணிநேரம் கழித்துப் பூமியின் காந்தப்புலம் குலுங்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் மின்சாரம் தானே பாய்ந்தது. பம்பாய் கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகத்தின் பதிவேட்டிலும் அந்தக் குலுக்கம் பதிந்தது. இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று காரிங்டன் ஐயுற்றார். ஆனால் உறுதியாகச் சொல்லத் துணியவில்லை.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தொலைவை அந்தப் பதினேழரை மணிநேரத்தில் கடந்து வந்தது எது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய பயணம் நூறாண்டுகளுக்குப் பின் மின்தேக்கி அடுக்குகளும் கண்ணாடிக் குழாய்களும் நிறைந்த ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது. வேறொரு நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட பொறிகளில்தான் அதன் முக்கியமான விடை கிடைத்தது. அந்த நோக்கம் நிறைவேறவில்லை. விடை மட்டும் நிலைத்தது. இலக்கியம் பேசும் இடத்தில் இயற்பியல் எதற்கு என்று நண்பர்கள் வினவலாம். ஒரு கேள்வி மனிதர்கள் கைமாறி, நாடுகள் கைமாறி வளர்ந்த கதை என்பதால் இது நமக்கும் உரியதே.

திடீர்த் தொடக்கம்

காந்தப் புயல்களைத் தொடர்ந்து பதிவு செய்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர். பல புயல்கள் மெல்லத் தொடங்கி வலுப்பதில்லை. அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு சில நிமிடங்களுக்குள் செங்குத்தாக எழும்பும். அதன் பிறகே புயல் தொடரும். இதற்குத் 'திடீர்த் தொடக்கம்' என்றே பெயரிட்டிருந்தனர்.

1953-இல் கேம்பிரிட்ஜில் அண்டவெளி வாயுக்களைப் பற்றிய கருத்தரங்கு ஒன்று நடந்தது. அதில் தாமஸ் கோல்டு என்ற இயற்பியலாளர் இந்தச் சில நிமிடங்களைச் சுட்டிக்காட்டினார். அவருடைய தருக்கம் எளிமையானது. சூரியனிலிருந்து வாயு வெடித்துக் கிளம்புகிறது என்று கொள்வோம். அதிலுள்ள துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. சில முந்தும், சில பிந்தும். ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து வரும் கூட்டத்தின் முன்விளிம்பு, இங்கு வந்து சேர்வதற்குள் பல மணிநேர அகலத்துக்குப் பரந்து கலைந்திருக்க வேண்டும். மாரத்தான் ஓட்டக்காரர்கள் தொடக்கக் கோட்டில் ஒரே வரிசையாக நிற்கிறார்கள். இறுதிக் கோட்டில் அப்படி வந்து சேர்வதில்லை. ஆனால் திடீர்த் தொடக்கமோ முன்விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது என்கிறது. அவ்வாறு கூர்மை குலையாமல் பயணம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதிர்ச்சி அலை.

அவையில் இருந்தவர்களுக்கு இதை ஏற்பது எளிதாக இருந்திருக்காது. அன்றைய அறிவின்படி அவ்வளவு மெல்லிய வாயுவில் அதிர்ச்சி அலை உண்டாகவே முடியாது. அந்தத் தடையைப் புரிந்துகொள்ள, அதிர்ச்சி அலை என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சொல்லும் பொருளும்

'அதிர்ச்சி' என்றவுடன் நமக்கு மனநிலைதான் நினைவுக்கு வருகிறது. எதிர்பாராத செய்தி கேட்டு உறைந்து நிற்பது அதிர்ச்சி. இயற்பியலில் வழங்கும் பொருளும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. ஒரு பொருளுக்குள் முன்னறிவிப்பு பயணம் செய்யும் வேகத்தைவிட, வரவிருக்கும் மாற்றம் விரைவாக வந்துவிட்டால், அந்தப் பொருள் ஒதுங்க வழியின்றித் திடீரென நெரிபட்டுச் சூடாகிறது. காற்றில் முன்னறிவிப்பைச் சுமந்து செல்வது ஒலி. ஒலியை முந்தும் தோட்டாவுக்கு முன் காற்று விலகி வழிவிட நேரமில்லை. தோட்டாவின் முன் எழும் அந்த அலையை எர்ன்ஸ்ட் மாக், பீட்டர் சால்ஷர் ஆகிய இருவரும் ஒளிப்படமாகப் பிடித்து 1887-இல் வெளியிட்டனர். வேகத்துக்கும் முன்னறிவிப்பின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை 'மாக் எண்' என்று நாம் வழங்குவது அவர் நினைவாகத்தான்.

வீட்டு அங்கணத்திலேயே இதன் உறவுக்கார நிகழ்ச்சி ஒன்றைக் காணலாம். குழாயிலிருந்து விழும் நீர் தட்டையான பரப்பில் பட்டவுடன் மெல்லிய ஏடாக விரைந்து பரவுகிறது. சிறிது தொலைவில் ஒரு வட்டமான வரம்பு. அதைத் தாண்டியதும் நீர் தடித்து, வேகம் குறைந்து, கலங்கி ஓடுகிறது. அந்த வட்ட வரம்பைப் போன்றதுதான் அதிர்ச்சி முகப்பு. வேகமாக வந்த ஒழுங்கான ஓட்டம் அங்கே மெதுவான, கலங்கிய ஓட்டமாகிறது. இயக்கத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அம்மாற்றம் ஒருவழிப் பாதை. கலங்கியது மீண்டும் ஒழுங்காவதில்லை.

காற்றில் இந்த மாற்றத்தைச் செய்வது மூலக்கூறுகளின் மோதல். ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதுவதற்கு முன் கடக்கும் சராசரித் தொலைவு, நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சில மோதல்களுக்குள் வேகம் வெப்பமாகிவிடுவதால் அதிர்ச்சி முகப்பும் அதே அளவுக்கு மெல்லியதாக இருக்கிறது.

சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலோ நிலைமை வேறு. அங்குள்ளது பிளாஸ்மா. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, நேர்மின் அயனிகளும் எதிர்மின் எலக்ட்ரான்களும் கலந்து திரியும் நிலை அது. 1928-இல் இர்விங் லாங்மியூர் இப்பெயரைச் சூட்டினார்; குருதியின் நீர்மத்துக்கு மருத்துவர்கள் வழங்கிவந்த அதே சொல். சூரியப் பிளாஸ்மா ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்களே கொண்டது. அங்கே ஒரு துகள் இன்னொன்றோடு மோதக் கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழச் சூரியனுக்கும் நமக்கும் உள்ள தொலைவேதான். பழைய கணக்கின்படி அதிர்ச்சி முகப்பின் தடிமன் பதினைந்து கோடி கிலோமீட்டராக இருக்கவேண்டும். அப்படியானால் அதை முகப்பு என்றே சொல்ல முடியாது. கோல்டு சுட்டிய சில நிமிடங்களோ, முகப்பு அதில் நூற்றுக்கணக்கில் ஒரு பங்குக்கும் குறைவானது என்றன.

மோதலே இல்லாத இடத்தில் மோதலின் வேலையைச் செய்தது எது? இதுதான் சிக்கல்.

காந்தப்புலம் என்னும் கயிறு

பிளாஸ்மா வெறும் வாயு அன்று. அதன் துகள்கள் மின்னூட்டம் கொண்டவை. ஆகவே காந்தப்புலம் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு துகளும் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி செல்லும். சுவீடனைச் சேர்ந்த ஹான்னஸ் ஆல்வேன் 1942-இல், மின்சாரம் கடத்தும் பாய்பொருளில் காந்தக் கோடுகள் மீட்டிய தந்திபோல் அலைகளைச் சுமக்கும் என்று எழுதினார். 1949-இல் ஸ்டிக் லுண்ட்குவிஸ்ட் பாதரசத்திலும், 1954-இல் போ லேனர்ட் உருக்கிய சோடியத்திலும் அந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் தேடினர். ஆல்வேனுக்கு 1970-இல் நோபல் பரிசு வந்தது. காந்தப்புலத்தில் அதிர்ச்சி அலை எந்தச் சமன்பாடுகளுக்குக் கட்டுப்படும் என்று 1950-இல் டி ஹாஃப்மனும் எட்வர்டு டெல்லரும் எழுதிவைத்தனர். ஆனால் அச்சமன்பாடுகள் அலைக்கு முன்னும் பின்னும் உள்ள நிலைகளையே சொல்லின. நடுவே, அந்த முகப்புக்குள், ஆற்றல் எப்படி வெப்பமாகிறது என்பதை அவை தொடவில்லை.

1958-இல் மற்றொரு துணை கிடைத்தது. சூரியனிலிருந்து பிளாஸ்மா ஓயாமல் எல்லாத் திசைகளிலும் வீசிக்கொண்டிருக்கிறது என்று சிகாகோவின் யூஜின் பார்க்கர் கணக்கிட்டார். அவருடைய கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் அதை நிராகரிக்கச் சொன்னார்கள். அந்த இதழின் ஆசிரியர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். பார்க்கரின் முடிவு அவருக்கும் உவப்பாக இல்லை. ஆயினும் மதிப்பீட்டாளர்கள் கணக்கில் பிழை எதையும் காட்டவில்லை என்பதால் கட்டுரையை வெளியிட்டார். தமக்கு உடன்பாடில்லாத கருத்துக்கும் இடம் தந்த அந்தப் பத்திராதிபரின் நேர்மையால்தான் சூரியக் காற்று அன்று அச்சேறியது. அக்காற்று ஒலியைவிடவும் ஆல்வேன் அலையைவிடவும் வேகமாக வீசுகிறது. அதன் வழியில் பூமியின் காந்தப்புலம் ஒரு பாறையைப் போல் நிற்கிறது. எனவே பூமிக்கு முன்னால் எப்போதும் ஓர் அதிர்ச்சி அலை நிற்கவேண்டும் என்று 1962-இல் இயன் ஆக்ஸ்ஃபோர்டும் பால் கெல்லாகும் தனித்தனியே எழுதினர்.

கோலிக்குண்டும் கிண்ணமும்

இதே காலத்தில் மாஸ்கோவில் ரோல்ட் சாக்தீவ் என்ற இளைஞர் முகப்புக்குள் நுழைந்து பார்த்தார். 1932-இல் பிறந்த அவர், குர்ச்சாத்தவ் நிறுவனத்தில் இருந்தபோது இச்சிக்கலைத் தொட்டார். 1961-இல் சைபீரியாவின் நோவோசிபீர்ஸ்க் நகருக்குச் சென்று அங்கும் தொடர்ந்தார்.

அவர் கண்ட ஒப்புமை அழகானது. பிளாஸ்மா அதிர்ச்சி முகப்பைக் கடப்பது, ஒரு கோலிக்குண்டு கிண்ணத்தின் விளிம்பிலிருந்து உள்ளே உருள்வதற்குச் சமம். உராய்வு சிறிதும் இல்லையென்றால் குண்டு அடிவரை சென்று, எதிர்ப்பக்கம் ஏறி, மீண்டும் புறப்பட்ட விளிம்புக்கே வந்து நிற்கும். அதாவது ஓர் ஒற்றை அலை கடந்து செல்லும், பிளாஸ்மா பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வெப்பமாகாது. சிறிதளவு உராய்வு இருந்தால் போதும், குண்டு ஆடி ஆடிக் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். அப்போது திரும்ப முடியாத மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அதுவே அதிர்ச்சி அலை.

மோதலின்றி அந்த உராய்வு எங்கிருந்து வரும்? முகப்பில் காந்தப்புலம் சட்டென்று உயர்கிறது. அவ்வாறு உயர வேண்டுமானால் அங்கே வலிய மின்னோட்டம் பாயவேண்டும். அதாவது எலக்ட்ரான்கள் அயனிகளை உரசிக்கொண்டு விரையவேண்டும். குளத்து நீரின்மேல் காற்று வீசினால் சிற்றலைகள் எழுவதுபோல, அந்த ஓட்டம் பிளாஸ்மாவில் நுண்ணிய மின்னலைகளை எழுப்பும். எழுந்த அலைகள் எலக்ட்ரான்களையே திருப்பிப் பிடித்து அலைக்கழிக்கும். துகளோடு துகள் மோதாவிட்டாலும், துகள்கள் கூடி எழுப்பிய அலையோடு ஒவ்வொரு துகளும் மோதுகிறது. இதுவே கோட்பாட்டாளர்கள் சொன்ன விடை. ஆனால் ஏட்டில் சரியாக இருப்பது இயற்கையில் நடக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும்.

பிணைவுக் கனவு கட்டிய பொறிகள்

பார்ப்பதற்கான பொறிகள் அப்போது வேறொரு கனவுக்காகத் தயாராகிக்கொண்டிருந்தன. சூரியனில் நிகழும் அணுக்கருப் பிணைவைப் பூமியில் நிகழ்த்தி மின்சாரம் எடுக்கவேண்டும் என்பதே அக்கனவு. அதற்குப் பிளாஸ்மாவைக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் இதை மறைத்தே செய்தது. 1956-இல் சோவியத் விஞ்ஞானி குர்ச்சாத்தவ் இங்கிலாந்தின் ஹார்வெல்லுக்கு வந்து தம் நாட்டு ஆய்வுகளை வெளிப்படையாகப் பேசித் திகைக்கவைத்தார். 1958 ஜனவரியில் பிரிட்டன் தன் 'ஜீட்டா' பொறியில் பிணைவு நிகழ்ந்ததாகப் பெருமையோடு அறிவித்தது. அதே ஆண்டிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் வல்லரசுகள் தத்தம் திரைகளை விலக்கின.

பிளாஸ்மாவைச் சூடாக்கும் வழிகளில் ஒன்றாக அதிர்ச்சி அலையைப் பலரும் கருதினர். மெல்ல நெருக்கினால் வெப்பம் கசிந்துவிடும்; ஒரே அடியாக அடித்தால் கசிவதற்குள் சூடாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவில் ஆவ்கோ ஆய்வகம், கடற்படை ஆய்வகம், லாஸ் அலமோஸ், சோவியத் நாட்டில் மாஸ்கோ, நோவோசிபீர்ஸ்க், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள குல்ஹாம் எனப் பல இடங்களில் அதிர்ச்சிக் குழாய்கள் எழுந்தன. 1961-இல் சால்ஸ்பர்க்கிலும், 1965-இல் குல்ஹாமிலும், 1968-இல் நோவோசிபீர்ஸ்கிலும் கூடிய அனைத்துலக மாநாடுகளில் இவர்கள் முகத்துக்கு முகம் பார்த்து வாதிட்டனர். 1965–66-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், அப்துஸ் சலாம் நிறுவிய மையத்தில், அமெரிக்க, சோவியத் கோட்பாட்டாளர்கள் மாதக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து வேலை செய்தனர். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

இக்குழாய்களின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிச் சிறிதளவு ஹைட்ரஜனை நிரப்புவார்கள். காந்தப்புலத்தை ஏற்றி, மின்பொறியால் வாயுவைப் பிளாஸ்மாவாக்குவார்கள். இது அலை வருமுன் இருக்கும் அமைதியான நிலம். பிறகு மின்தேக்கி அடுக்கில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே நொடிப்பொழுதில் கொட்டுவார்கள். அந்தப் பெருமின்னோட்டத்தின் காந்தப்புலம், சுவரிலிருந்து குழாயின் நடுவை நோக்கி ஒரு பிஸ்டன் போல் பாயும். பிஸ்டனுக்கு முன்னால் அதிர்ச்சி அலை ஓடும். நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகம். ஆகவே நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் அளந்தாக வேண்டும். சிறு கம்பிச் சுருள்களைக் குழாய்க்குள் நீட்டி, அலை கடக்கும் கணத்தில் காந்தப்புலம் உயர்வதைப் பதிவு செய்தார்கள்.

சிலந்தி பிடித்த அலை

குல்ஹாமில் இருந்த பொறிக்குத் 'தாரண்டுலா' என்று பெயர். பெருஞ்சிலந்தி ஒன்றின் பெயர் அது. 1965-இல் பால், ஹோம்ஸ், பார்க்கின்சன், ஷெஃபீல்டு ஆகியோர் தாரண்டுலாவில் கண்டதை 'நேச்சர்' இதழில் எழுதினர். காந்தப் பிளாஸ்மாவில் மோதலற்ற அதிர்ச்சி அலை நிலையான வடிவோடு ஓடுகிறது. அதன் முகப்போ ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. மோதலால் உண்டாகியிருந்தால் அவ்வளவு மெல்லியதாக இருக்க முடியாது.

அலை இருக்கிறது என்பது முதற்படி. உராய்வைக் காட்டுவது அடுத்த படி. 1967-இல் அதே குழுவினர், பிளாஸ்மாவுக்குள் லேசர் ஒளியைச் செலுத்தி, எலக்ட்ரான்கள் சிதறடித்த ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையைக் கணித்தனர். மோதலை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் வரும் வெப்பத்தைவிட அது மிக அதிகமாக இருந்தது. 1969-இல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றனர். முகப்பு கடக்கும் அந்தக் கணத்துக்குள் லேசரைப் பாய்ச்சி, பிளாஸ்மாவின் அடர்த்தி நடுங்குவதையே அளந்தனர். இயல்பான வெப்பத்தால் எழக்கூடிய நடுக்கத்தைவிட அது பல மடங்கு வலிதாக இருந்தது. காகிதத்தில் எழுதப்பட்டிருந்த சிற்றலைகள் கருவியின் கண்ணில் பட்டுவிட்டன. கோலிக்குண்டைக் கிண்ணத்தின் அடியில் நிறுத்திய உராய்வு இதுவே.

இங்கே இன்னொரு திருப்பமும் உண்டு. சிற்றலை உராய்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை மாக் எண் 2.76 என்று வால்டர் மார்ஷல் 1955-இலேயே கணக்கிட்டிருந்தார். அலை அதைவிட வேகமாக ஓடினால் மின்தடையால் மட்டும் அத்தனை ஆற்றலையும் வெப்பமாக்க இயலாது. தாரண்டுலாவிலும் மாக் எண் 3-ஐ ஒட்டி அலையின் வடிவம் மாறிற்று. அங்கே வேறொரு வேலை நடக்கிறது. வரும் அயனிகளில் ஒரு பகுதி முகப்பில் பட்டுப் பின்னோக்கித் தெறிக்கிறது. காந்தப்புலம் அவற்றை வளைத்து மீண்டும் முகப்புக்கே அனுப்புகிறது. இரண்டாம் முறை அவை மிகுந்த ஆற்றலோடு உள்ளே நுழைகின்றன. இவ்வாறு தெறித்த அயனிகளால் முகப்புக்கு முன்னால் ஒரு 'பாதம்' நீண்டிருப்பதை 1972-இல் பிலிப்ஸ், ராப்சன் ஆகிய இருவரின் ஆய்வுக்கூடச் சோதனை காட்டியது.

வானமும் கூடமும்

ஆய்வுக்கூடங்கள் இவ்வாறு உழைத்துக்கொண்டிருந்தபோதே விண்கலங்களும் கிளம்பிவிட்டன. வெள்ளியை நோக்கிச் சென்ற மாரினர்-2, 1962 அக்டோபரில் கோள்களுக்கு இடையிலேயே ஓர் அதிர்ச்சி அலையைச் சந்தித்தது. 1963 நவம்பரில் ஏவப்பட்ட ஐ.எம்.பி.-1 செயற்கைக்கோள், பூமிக்கு முன்னால் நிற்கும் முகப்பை மீண்டும் மீண்டும் கடந்து அதன் இடத்தைக் குறித்துக் காட்டியது. கோல்டு சொன்னது மெய்யாயிற்று.

வானமே காட்டிவிட்ட பிறகு ஆய்வுக்கூடம் எதற்கு? தனி விண்கலம் ஒன்று அலையைக் கடக்கும்போது, தான் அலையைக் கடந்ததா, அலை தன்னைக் கடந்ததா என்று அதனால் சொல்ல இயலாது. அலையின் வேகம் தெரியாமல் தடிமனும் தெரியாது. 1977-இல் ஐ.எஸ்.இ.இ. கலங்கள் இரண்டு அருகருகே பறந்து இக்குறையைத் தீர்க்கும்வரை, தடிமனை நேரடியாக அளந்தவை ஆய்வுக்கூடங்களே. அன்றியும் வானத்தில் வருவதை ஏற்கத்தான் வேண்டும். கூடத்தில் காந்தப்புலத்தைக் கூட்டலாம், அடர்த்தியைக் குறைக்கலாம், அதே சோதனையை நூறு முறை செய்யலாம். மறுபுறம், கூடத்தின் சுவர் எப்போதும் அருகில் இருக்கிறது. பெரிய மாக் எண்ணில் அயனி ஒருமுறை முழுதாகச் சுழல்வதற்குள் குழாயின் இடம் தீர்ந்துவிடும். வானத்துக்குச் சுவர் இல்லை.

ஒரு குழாயின் மில்லிமீட்டரும் வானத்தின் கிலோமீட்டரும் எப்படி ஒன்றாகும் என்ற ஐயம் எழலாம். பிளாஸ்மாவுக்கு இயல்பான நீள அளவு ஒன்று உண்டு. அடர்த்தி கூடினால் அது சுருங்கும், அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. தாரண்டுலாவின் பிளாஸ்மா, சூரியக் காற்றைவிடக் கோடி முறை கோடி மடங்கை ஒட்டிய அடர்த்தி கொண்டது. அதன் வர்க்கமூலம் ஒரு கோடி. ஆகவே கூடத்தின் ஒரு மில்லிமீட்டர், வானத்தின் ஒரு கோடி மில்லிமீட்டருக்கு, அதாவது பத்துக் கிலோமீட்டருக்குச் சமம். குல்ஹாமில் கண்ட ஒன்றிரண்டு மில்லிமீட்டரை இப்படிப் பெயர்த்தால் பத்து முதல் இருபது கிலோமீட்டர் வரும். 2000-இல் ஏவப்பட்ட நான்கு கிளஸ்டர் கலங்கள் 2005 ஜனவரியில் பூமியின் முகப்பைக் கடந்தபோது திரட்டிய தரவுகளிலிருந்து, எலக்ட்ரான்கள் வெப்பமாகும் அடுக்கில் மிக மெல்லியது சுமார் பதினேழு கிலோமீட்டர்தான் என்று 2011-இல் கண்டறிந்தார்கள். இரண்டு அலைகளும் எல்லா வகையிலும் ஒத்தவை அல்ல. பூமியின் முகப்பு மாக் எண் மிக்கது, அதன் பாதம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீள்வது. ஆயினும் எலக்ட்ரானின் அளவுகோலில் இவ்விரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் காணும்போது வியப்பு மேலிடுகிறது.

மறதியும் மீட்பும்

இவ்வளவு செய்த பொறிகளுக்கு நேர்ந்தது என்ன? 1968 நோவோசிபீர்ஸ்க் மாநாட்டில் சோவியத்துகள் 'டோகாமாக்' என்னும் வளையப் பொறியின் வெற்றியை அறிவித்தனர். ஐயம் தீர்க்க, 1969-இல் குல்ஹாமிலிருந்து பிரிட்டிஷ் குழு ஒன்று லேசர் கருவியோடு மாஸ்கோவுக்கே சென்று ஒரு கோடி டிகிரி வெப்பத்தை அளந்து உறுதி செய்தது. தாரண்டுலாவின் எலக்ட்ரான்களை அளந்த அதே லேசர்ச் சிதறல் முறைதான் அங்கும் பயன்பட்டது. அதன்பின் உலகமெங்கும் பணமும் ஆட்களும் டோகாமாக்கை நோக்கித் திரும்பினர். அதிர்ச்சியால் சூடாக்கும் வழி ஒதுக்கப்பட்டது. 1970-களின் முடிவுக்குள் பல குழாய்கள் ஓய்ந்தன.

கேள்வி ஓயவில்லை. 1977–78-இல் ரஷ்யாவின் கிரிம்ஸ்கி, ஆக்ஸ்ஃபோர்டும் துணைவரும், பிரிட்டனின் டோனி பெல், அமெரிக்காவில் பிளாண்ட்ஃபோர்டும் ஆஸ்ட்ரைக்கரும் என நான்கு தரப்பினர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். விண்மீன் வெடித்துப் பரவும் அதிர்ச்சி அலைதான், துகள்களை முன்னும் பின்னும் எறிந்து எறிந்து அண்டக் கதிர்களாக முடுக்குகிறது என்பது அவர்கள் கருத்து. 1006-ஆம் ஆண்டில் வெடித்த விண்மீனின் எச்சத்தில், பேராற்றல் எலக்ட்ரான்களின் எக்ஸ் கதிர் முத்திரையை ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் 1995-இல் கண்டது. அங்கே மாக் எண் நூற்றுக்கும் மேல். எந்த விண்கலமும் போய் எட்ட முடியாத இடம். ஆய்வுக்கூடத்துக்கு மீண்டும் தேவை வந்தது.

இம்முறை பிஸ்டனாக நின்றது லேசர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஏறத்தாழ இருபது மீட்டர் நீளமுள்ள பிளாஸ்மாப் பொறி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு இலக்கின்மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறிய துகள்களைக் கொண்டு சூழ்ந்த பிளாஸ்மாவைத் தள்ளி, மாக் எண் ஏறத்தாழ 2 உள்ள அலையை உண்டாக்கி 2014-இல் வெளியிட்டனர். 2017-இல் ராச்செஸ்டரின் ஒமேகா லேசரில் மாக் எண் 12-ஐ எட்டினர். 2021-இல் பாரிசுக்கு அருகே, பூமியின் காந்தப்புலத்தைவிடச் சில லட்சம் மடங்கு வலிய 20 டெஸ்லா புலத்தில், அதிர்ச்சி முகப்பின்மேல் அலைச்சறுக்கு வீரர்களைப் போல் புரோட்டான்கள் சறுக்கி ஆற்றல் பெறுவதற்குச் சான்று காட்டினர். தாரண்டுலா மறைந்து நாற்பதாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இந்த ஆய்வுகளின் சொற்களைப் பாருங்கள்: பாதம், தெறித்த அயனி, எல்லை மாக் எண். எல்லாம் பழைய குழாய்க்காரர்கள் புழங்கிய சொற்களே.

எஞ்சியது

இன்னும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. மாக் எண் மிகுந்த அலையில் வெப்பம் எலக்ட்ரான்களுக்கும் அயனிகளுக்கும் இடையே எந்த விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்பதற்கு முழு விடை கிடைத்தபாடில்லை. விடை தேவைப்படுவது வானியலாளர்களுக்கு மட்டுமன்று. 1989 மார்ச்சில் ஒரு காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தை ஒன்பது மணிநேரம் இருளில் ஆழ்த்தியது. அறுபது லட்சம் மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். காரிங்டன் கண்ட புயல் இன்று வந்தால் அறுபடுவது தந்திக் கம்பியோடு நில்லாது.

மொழித்துறையில் பணியாற்றும் நம்மை நோக்கி 'இதைப் படித்து என்ன பயன்?' என்று அடிக்கடி கேட்கிறார்கள். சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் கேட்கிறார்கள். நிதிநிலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அறிவியல் துறையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நாம் எண்ணிக்கொள்வதும் உண்டு. தாரண்டுலாவின் கதை அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. பயன் கருதிக் கட்டப்பட்ட பொறி அது. சொன்ன பயனை அது தரவில்லை. ஒரு விளக்கைக்கூட அது ஏற்றவில்லை. பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அதன் கணக்கு நட்டத்தில்தான் முடிந்திருக்கும். ஆனால் அங்கே பணியாற்றியவர்கள், தங்களுக்கு இடப்பட்ட வேலையின் நடுவே ஒரு கேள்வியை நேர்மையாக அளந்து, அளந்ததை எல்லார்க்கும் தெரியுமாறு எழுதி வைத்தனர். தங்கள் மில்லிமீட்டர் ஒருநாள் வானத்தின் கிலோமீட்டருக்கு அருகில் வைத்துப் பார்க்கப்படும் என்று அவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

ஏடு எழுதியவர்க்கு அது எந்த நூற்றாண்டில் யார் கையில் விரியும் என்று தெரியாது. பிழையற எழுதுவதும், கெடாமல் காத்து வைப்பதும் அவர் கடன். பதிப்பு வரலாறு பயின்ற நமக்கு இது புதிய செய்தி அன்று. இயற்பியல்காரர்களின் குழாய்களுக்குள்ளும் அதே கடன்தான் நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பதை அறியும்போது, அவர்கள் நமக்கு அத்தனை அயலவர் அல்லர் என்று தோன்றுகிறது.